மிதிக்காத கால்

தம்பிக்காரனை இன்னும் எத்தனை வாரம்தான் அழ வைப்பீர்கள் என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. அவனை அழ வைத்தது நான் இல்லை, அவனுடைய சொந்த அக்காள். ஆஸ்பத்திரி வாசலில், நாலு பேர் பார்க்க, "என் பொண்ணு காலை எடுத்த கை உன் கைதான்டா. இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று சொன்னவள் அவள். சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். அன்றிலிருந்து அக்காளுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அக்காளை அக்கம்பக்கத்தில் டெய்லரம்மா என்பார்கள். அவளுடைய புருஷன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், ஊருக்கெல்லாம் மாஸ்டர். தைக்கிறவரையும் மாஸ்டர் என்பது வழக்கமாயிற்றே! "மாஸ்டர் இருக்காரா, சட்டைக்கு அளவு கொடுக்கணும்" என்று அந்த வீட்டுக்குப் போன் வருவதுண்டு. "எங்க மாஸ்டர் சட்டையைக் கிழிப்பாரு, தைக்க மாட்டாரு. நீங்க என்கிட்ட சொல்லுங்க" என்பாள் டெய்லரம்மா. அதெல்லாம் அந்த வீட்டில் சிரிப்பு இருந்த காலம்.

ஒரே பெண். சின்ன வயதிலிருந்தே ஓர் இடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் வாலு என்று பெயர் விழுந்து, அதுவே நிலைத்துவிட்டது. ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை. ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவாள்.

ஒரு மழை நாளில், சாயங்காலம், அப்பாவும் மகளும் காரில் வந்தார்கள். வாலு இறங்கி வீட்டுக் கேட்டைத் திறக்க நின்றாள். மாஸ்டர் ஓட்டிவந்த கார் நிற்காமல் பாய்ந்து அவளைக் கேட்டோடு சேர்த்து நசுக்கிவிட்டது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"கிளட்சை முழுசா மிதிச்சேன். வேலை செய்யல. வண்டி பாஞ்சிருச்சு" என்றார் மாஸ்டர். கிளட்சை மிதித்தால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்து போகும். மிதித்தும் அறுபடவில்லை என்றால், தப்பு ஓட்டியவர் மீது இல்லை, கிளட்சைப் பொருத்தியவன் மீது. முந்தின வாரம் அந்தக் காரின் கிளட்சைக் கழற்றிப் புதிதாக மாட்டியவன் யார்? ஒர்க்‌ஷாப் வைத்திருந்த தம்பிக்காரன்தான். "அக்கா, நான் மறுபடி பிரிச்சுப் பார்த்துட்டேன், கிளட்ச் நல்லாத்தான் இருக்கு" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, கதைக்கு வருவோம். மழை போய் வெயில் வந்துவிட்டது. வாலுவின் காயம் ஆறி, செயற்கைக் காலுக்கு அளவும் கொடுத்தாயிற்று. இன்று புது வண்டி பார்க்கப் போகும் நாள்.

உயரமான வண்டியாக, எஸ்.யூ.வி.யாக இருக்க வேண்டும் என்பதில் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே கருத்து. சின்னக் காரில் குனிந்து, மடங்கி உட்கார வாலுவால் முடியவில்லை. எஸ்.யூ.வி. என்றால் வீல்சேரிலிருந்து அப்படியே நகர்ந்து சீட்டில் உட்கார்ந்துகொள்ளலாம். பின்னால் வீல்சேரை மடித்து வைத்தது போக, ரத்தக் குப்பிகள் வைக்கிற பெட்டிக்கும் இடம் இருக்கும். வண்டி இருந்தால் மறுபடி வெளி வேலைக்கு வரலாம் என்று லேபில் சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாள்தான், விபத்துக்குப் பிறகு வாலு முதல் தடவையாகத் தானே தலை வாரிக்கொண்டாள்.

சண்டை முழுக்க ஒரே ஒரு பெடலில்தான். மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

"ஆட்டோமேட்டிக்ல கிளட்சே கிடையாதுப்பா. ரெண்டே பெடல். ரெண்டுக்கும் வலது கால் போதும். என்கிட்ட இருக்கறதும் அதுதானே" என்றாள் வாலு, காலையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே.

"அது வண்டியா? பொம்மை! ஏத்தத்துல இழுக்காது. நடுரோட்ல நின்னா தள்ளிக்கூட ஸ்டார்ட் பண்ண முடியாது. டிரைவிங் ஸ்கூல்காரன் வீட்டு வாசல்ல ஆட்டோமேட்டிக் நின்னா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

"அதெல்லாம் பழைய காலம்பா. இப்ப வர்றதெல்லாம் நல்லா இழுக்குதாம்."

"உனக்கு நான் சொல்றது புரியல. வாங்கினா மேனுவல். எதுக்கும்மா இப்படி ஒத்தக் கால்ல நிக்கற?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. பிடிவாதம் பிடிக்கிறவர்களை எல்லோரும் சொல்வதுதான். இந்த வீட்டில் சொல்லலாமா? மாஸ்டர் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வாலுதான் சிரித்தாள். "வேற எப்படி நிக்கறதாம்?" என்று கேட்டுவிட்டு, "சரி, ஒரு ரவுண்டு ஓட்டியாவது பாருங்க. எனக்காக. அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றாள்.

அவள் கேட்டால் அவரால் மறுக்க முடிவதில்லை. மகளின் விபத்துக்குப் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. டிரைவிங் ஸ்கூலில் பாடம் எடுக்க ஆள் போட்டுவிட்டு, வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார். மனசு ஒடிஞ்சு போச்சு என்பார். பெற்ற மகளை மோதிய கை எப்படித் துணிந்து வண்டி எடுக்கும், பாவம் என்று ஊரும் உச்சுக் கொட்டியது. டெய்லரம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

*

ஷோரூம் கண்ணாடியும் குளிருமாக இருந்தது. விற்பனைக்கு நின்ற பெண் கெட்டிக்காரி. வாலுவைப் பார்த்து முகத்தில் பரிதாபத்தைக் காட்டாமல், நேராக முன்சீட்டுக் கதவைத் திறந்து, "ஏறிப் பாருங்க, உயரம் சரியா இருக்கா?" என்று கேட்டாள். வாலு கைகளை ஊன்றி ஒரே நகர்வில் உள்ளே போய்விட்டாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து டெய்லரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாஸ்டர் டிரைவர் சீட்டில் ஏறினார். ஏறும்போது இடது தொடைப் பக்கம் பேன்ட்டைக் கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டார். தான் தேய்த்துக் கொடுத்த மடிப்பு கலையக் கூடாதென்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் டெய்லரம்மா. அவளும் விற்பனைப் பெண்ணும் பின்சீட்டில்.

"சார், ஒண்ணே ஒண்ணு" என்றாள் விற்பனைப் பெண். "இடது காலை நல்லா பின்னாடி இழுத்து வச்சுக்கோங்க. மேனுவல் ஓட்டிப் பழகினவங்க எல்லாரும் சிக்னல் வந்தா கிளட்ச்னு நினைச்சு இடது காலால பிரேக்கை ஓங்கி உதைச்சிடறாங்க. போன வாரம் ஒருத்தர் உதைச்ச உதையில பின்னாடி இருந்த அவர் மச்சான் மூக்கு உடைஞ்சு போச்சு. மேடம், நீங்க பெல்ட் போட்டுக்கோங்க."

இதை டெய்லரம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டர் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை அது. அவரிடம் படித்துவிட்டுப் போய் ஆட்டோமேட்டிக் வாங்கியவன் ஒவ்வொருவனும் முதல் நாள் எப்படி உதைத்தான், யார் தலை எங்கே இடித்தது என்று அபிநயம் பிடித்துக் காட்டுவார். "முதல் நாள் உதைக்காதவன் டிரைவரே இல்ல" என்று முடிப்பார். ஆகவே அவள் பெல்ட்டையும் போட்டு, முன்சீட்டையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. தெரு தாண்டிப் பெரிய ரோடு. முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. டெய்லரம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. வண்டி மெதுவாக வந்து, தூங்குகிற குழந்தையைப் படுக்கையில் கிடத்துகிற மாதிரி நின்றது.

"அடேங்கப்பா!" என்றாள் விற்பனைப் பெண்.

அடுத்த திருப்பத்தில் பைக்கில் வந்த ஒருவன் சடாரென்று குறுக்கே பாய்ந்தான். இப்போது நிச்சயம் உதைப்பார். திடுக்கிடும்போது யாருக்கும் யோசிக்க நேரம் இருக்காது, கால் தன் பழக்கத்தைத்தான் செய்யும். டெய்லரம்மா இரண்டு சீட்டுக்கும் நடுவே எட்டிப் பார்த்தாள். வலது கால் டக்கென்று பிரேக்குக்குப் போனது. இடது கால் கிடந்த இடத்தில் கிடந்தது. அசையக்கூட இல்லை.

"சார், நீங்க இதுக்கு முன்னாடி ஆட்டோமேட்டிக் ஓட்டியிருக்கீங்க. ஏமாத்தாதீங்க!"

"இல்லம்மா. இன்னைக்குத்தான்."

"எங்கப்பான்னா சும்மாவா? மாஸ்டர்!" என்றாள் வாலு பெருமையோடு.

டெய்லரம்மாவின் கண் அந்த இடது காலை விட்டு நகரவில்லை.

காலின் குணம் அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து தையல் மெஷினை மிதிக்கிறவள். பஸ்ஸில் உட்கார்ந்து எதையாவது யோசித்துக்கொண்டிருந்தால் அவள் பாதம் தானாகத் தரையை மிதிக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தால்தான் நிறுத்துவாள். கால் யாரையும் கேட்டுக்கொண்டு மிதிப்பதில்லை. வாழ்நாள் முழுக்கக் கிளட்ச் மிதித்த ஒரு மனுஷனின் இடது கால், குறுக்கே ஒருவன் பாயும்போது எப்படிச் சும்மா கிடக்கும்?

சும்மா கிடக்கிறது என்றால், அந்தக் காலால் மிதிக்க முடியவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அவர் செருப்புகளில் இடதுக்கு மட்டும் முன்நுனி தேய்ந்திருப்பது. பேன்ட் போடக் கட்டிலில் உட்கார்ந்துகொள்வது. மாடிப்படியில் வலது காலையே ஒவ்வொரு படிக்கும் முதலில் வைப்பது. மகளுக்கு நடந்ததற்குப் பிறகுதான் இதெல்லாமா, அதற்கு முன்னாலேயா? முன்னாலேயேதான். மழை தொடங்குவதற்கு முன்பே ஒருநாள், "என்னங்க, செருப்பைத் தேய்ச்சுக்கிட்டே நடக்கறீங்க" என்று அவளே கேட்டிருக்கிறாள். "புதுச் செருப்பு, கடிக்குது" என்றார் அவர்.

அப்படியென்றால் அந்தச் சாயங்காலம்? கேட் முன்னால்?

ஐயோ என்று வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. முன்சீட்டில் மகள் ஜன்னலைத் திறந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். டெய்லரம்மா வாயை மூடிக்கொண்டாள்.

ஷோரூமுக்குத் திரும்பியதும் விற்பனைப் பெண் சிரித்த முகமாகக் கேட்டாள். "அப்ப ஆட்டோமேட்டிக்கே போட்டுடலாமா சார்? இவ்வளவு அழகா ஓட்டறீங்க!"

"மேனுவல்" என்றார் மாஸ்டர்.

வாலு தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் கிடந்த துப்பட்டாவின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"சாயங்காலம் போன்ல சொல்றோம்மா" என்று டெய்லரம்மா எழுந்துவிட்டாள்.

*

வீட்டுக்கு வந்ததும் வாலு தன் அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள். டெய்லரம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தம்பி பெண்டாட்டிக்குப் போன் போட்டாள். என்ன கேட்பதற்காகப் போட்டாள் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. தம்பி எப்படி இருக்கிறான் என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

"சொல்லுங்க அண்ணி" என்ற குரலில் ஈரம் இல்லை.

"அவன் நல்லா இருக்கானா?"

"இப்ப எதுக்கு இந்த விசாரிப்பு?"

"சொல்லும்மா."

அந்தப் பெண் கொட்டித் தீர்த்துவிட்டாள். "கடையை மூடியாச்சு அண்ணி. லாரி ஷெட் ஒண்ணுல டயர் கழட்டி மாட்டறாரு. அங்க கிளட்ச் வேலை வந்தா தொடமாட்டேங்கறாரு. கை நடுங்குதாம். முதல்ல எல்லாம், 'நான் ஒழுங்காத்தான் போட்டேன், நான் ஒழுங்காத்தான் போட்டேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. இப்ப அதுவும் இல்ல. போன வாரம் என்னைக் கூப்பிட்டு, 'அக்கா பொய் சொல்லமாட்டா, மச்சான் பொய் சொல்லமாட்டாரு. அப்ப நான்தானே ஏதோ விட்டிருக்கேன்'னு கேக்கறாரு. நான் என்னன்னு சொல்றது? நீங்களே சொல்லுங்க."

"அப்புறம் பேசறேன்மா" என்று டெய்லரம்மா போனை வைத்துவிட்டாள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். தான் வளர்த்த தம்பி. சட்டைப் பொத்தான் போடத் தெரியாத வயதில் இவள்தான் போட்டுவிடுவாள். அவனைப் போய்த் தன்னையே நம்பாதபடி ஆக்கியாயிற்று.

முகத்தைக் கழுவிக்கொண்டு, தையல் மெஷின் இருக்கும் அறைக்குப் போனாள். மாஸ்டர் அங்கே ஜன்னலோரம் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, இப்படி வந்து மெஷின் முன்னாடி உட்காருங்க."

"எதுக்கு?"

"உட்காருங்கன்னா உட்காருங்களேன்."

உட்கார்ந்தார். கீழே அகலமான இரும்புப் பெடல். எந்தக் காலை வைத்து லேசாக அழுத்தினாலும் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும் மெஷின் அது.

"இடது காலை மட்டும் வச்சு மிதிங்க."

மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் விளையாடவில்லை என்று தெரிந்தது. கையால் தொடையைத் தூக்கி இடது பாதத்தைப் பெடல்மேல் வைத்தார். நெற்றியில் நரம்பு புடைத்தது. மேலே சக்கரம் ஒரு நூலளவுகூட நகரவில்லை. பாதம் சரிந்து, பெடலிலிருந்து தரைக்கு வந்துவிட்டது. அது சரிந்ததே தெரியாமல் அவர் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"கீழ பாருங்க" என்றாள் டெய்லரம்மா.

பார்த்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"எப்பத்துல இருந்து?"

"மழைக்கு முன்னாடியே. முதல்ல மரத்துப் போச்சு. அப்புறம் பாதம் தூக்க வரல. உனக்குத் தெரியாம டாக்டர்கிட்ட போனேன். இடுப்புல நரம்பு அழுந்துதாம். கிளட்ச் வண்டியைத் தொடாதீங்கன்னு சொன்னாரு."

"சொன்ன பிறகும் ஓட்டினீங்க."

"ஓட்டறதை நிறுத்திட்டா நான் யாருடி? எல்லாரும் மாஸ்டர் மாஸ்டர்னு... கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு நினைச்சேன்."

"அன்னைக்கு?"

"கிளட்ச் மேல கால் இருக்குன்னுதான் நினைச்சேன். மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன்னு நினைச்சேன். நழுவினது எனக்குத் தெரியவே இல்ல. கேட் சத்தம் கேட்டு, அவ கத்தினது கேட்டு, குனிஞ்சு பார்க்கறேன். கால் கீழ கிடக்கு."

"அப்ப கிளட்ச் வேலை செய்யலன்னு ஏன் சொன்னீங்க?"

"என்னாச்சு என்னாச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க. கிளட்ச்னு வாய்ல வந்துருச்சு. ஆனா உன் தம்பி பேரை நான் சொல்லல. ஒரு தடவைகூடச் சொல்லல. நீதான் சொன்ன."

அந்த வார்த்தை டெய்லரம்மாவின் நெஞ்சில் போய்க் குத்தியது. உண்மைதானே? அவள்தான் சொன்னாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள். "நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மேனுவல் வாங்கி எப்படி ஓட்டறதா இருந்தீங்க?"

"ஓட்டப் போறதில்ல. மனசு வரலன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன். வண்டி நிக்கட்டும். ஆட்டோமேட்டிக் வாங்கினா, பொண்ணுக்குன்னு சொன்னாலும், இவன் எதுக்கு இதை வாங்கினான்னு யாராவது கேப்பாங்க. ஒருத்தர் கேட்டா போதும், எல்லாம் வெளிய வந்துரும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மத்ததுக்கெல்லாம் நடிச்சேன். இன்னைக்கு அந்த ஒரு உதையை நடிக்க மறந்துட்டேன்."

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. இந்த இரண்டும் ஒன்றாக வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"அவகிட்ட சொல்லணும்" என்றாள்.

"சொல்றேன். நானே சொல்றேன். நான்தான் சொல்லணும்" என்று எழுந்தார். மேசையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

*

டெய்லரம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்து, யாருடையதோ ஒரு ஜாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊசியில் நூல் கோக்க வரவில்லை. உள்ளேயிருந்து அவர் குரல் தாழ்வாகக் கேட்டது. பிறகு அழுகை. அது அவருடையது. கொஞ்ச நேரத்தில் வாலு எதற்கோ லேசாகச் சிரிப்பதும் கேட்டது. இந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு எப்படிச் சிரிக்கிறாள் என்று டெய்லரம்மாவுக்குப் புரியவில்லை. என் பெண் மனசு பெரிது, மன்னித்துவிட்டாள் என்று நினைத்து நெஞ்சு நெகிழ்ந்துபோனாள்.

மாஸ்டர் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. "பேசிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

அவள் உள்ளே ஓடினாள். வாலு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஈரம், உதட்டில் சிரிப்பு.

"அம்மா, மேனுவலே வாங்கிக்கலாம்மா."

"என்னது?"

"அப்பா பாவம்மா. செயற்கைக் கால் வந்ததும் அவரே எனக்குக் கிளட்ச் மிதிக்கக் கத்துக் கொடுப்பாராம். 'மாஸ்டர் பொண்ணு மூணு பெடல்லதான் ஓட்டணும்'னு சொல்லிட்டு அழுதுட்டாரும்மா. அவர் அழுது நான் பார்த்ததே இல்ல. கத்துக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும், டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா அவருக்கு அந்த ஆசையாவது இருக்கட்டுமே. வெளி வேலை இல்லன்னா போகுது. லேப்ல உள்ளயே கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துக்கறேன்."

பேசிட்டேன் என்றார். சொல்லிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. டெய்லரம்மாவுக்கு இப்போதுதான் அது உறைத்தது.

வாலு பெருமூச்சு விட்டாள். "மாமா மட்டும் கிளட்சை ஒழுங்கா மாட்டியிருந்தா நமக்கு இந்தப் பேச்சே இல்ல, இல்லம்மா?"

இதற்கு மேல் டெய்லரம்மாவால் பொறுக்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா ஒழுங்காத்தான் மாட்டினான்" என்று ஆரம்பித்து, நரம்பு, டாக்டர், நழுவின கால் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் தான் பேசிய பேச்சையும் சொன்னாள். தம்பி இப்போது எதைத் தொட நடுங்குகிறான் என்பதையும் சொன்னாள்.

வாலு அசையாமல் கேட்டாள். கேட்டு முடித்த பிறகு, "அப்பாவுக்கு எந்தக் கால்?" என்றாள்.

"இடது."

வாலு தன் போர்வையைப் பார்த்தாள். இடது பக்கம் பாதியில் தட்டையாகிக் கிடந்த இடத்தைக் கையால் தடவினாள். திடீரென்று அவள் முகம் உடைந்துவிட்டது.

"அம்மா, உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரில கட்டு பிரிச்ச அன்னைக்கு என் காலை போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். 'உங்க கைவேலை எப்படி இருக்கு பாருங்க மாமா'ன்னு எழுதி அனுப்பினேன். அவரு பதிலே போடல. பார்த்துட்டாருன்னு மட்டும் காட்டிச்சு."

டெய்லரம்மா மகளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அழுது ஓய்ந்ததும் வாலு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாவைக் கூப்பிடு" என்றாள்.

முன்னறையில் மாஸ்டர் போனில் இருந்தார். "ஆமாம்மா, மேனுவல்தான். வெள்ளை கலர். வீட்ல எல்லாருக்கும் சம்மதம்."

டெய்லரம்மா அவர் காதிலிருந்து போனைப் பிடுங்கினாள். "ஆட்டோமேட்டிக் எழுதிக்கோம்மா."

"சார் இப்பத்தான் மேடம்..."

"சார் இனிமே ஓட்டமாட்டாரு. அவருக்குக் கால் வரல. வண்டி என் பொண்ணுக்கு."

வைத்துவிட்டாள். மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியாள் ஒருத்தியிடம் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியும் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார்.

"உள்ள கூப்பிடறா. போங்க."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவர் எழுந்தார். இனி மறைத்து என்ன? இடது காலைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டே நடந்தார். அந்தச் சத்தம் அறைக்குள் வாலுவுக்கும் கேட்டிருக்கும்.

அவள் அவரைத் திட்டவில்லை. வீல்சேரைக் காட்டி, "உட்காருங்கப்பா" என்றாள். அந்த அறையில் வேறு நாற்காலி இல்லை. மாஸ்டர் தயங்கித் தயங்கி அதில் உட்கார்ந்தார். வாலு தன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, கட்டில் ஓரத்தில் அவருக்கு எட்டும்படி வைத்தாள்.

"மாமாவுக்குப் போட்டிருக்கேன். நீங்க சொல்லுங்க. உங்க வாயால."

மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. எடுக்கமாட்டான் என்று டெய்லரம்மா நினைத்தபோது எடுத்தான். பின்னால் லாரி ஷெட்டின் இரைச்சல். அந்தப் போட்டோவுக்குப் பிறகு அக்காள் மகளின் எண்ணிலிருந்து அவனுக்கு வந்த முதல் அழைப்பு அது. அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. இவர்கள் யாரும் பேசுவதற்கு முன்பே அவன் பேசிவிட்டான்.

"வாலு... மாமாவை மன்னிச்சிரும்மா. நான்தான் ஏதோ விட்டுட்டேன். எவ்வளவு யோசிச்சாலும் எதுன்னு தெரியல, ஆனா நான்தான்."

மாஸ்டர் வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டார்.

"அலோ? வாலு? இருக்கியாம்மா?"

வாலு போனை அப்பாவின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.